சுடிதாரின் மேல் சுற்றிய புடவை

வெயில் காலத்தில் எப்படி உடுத்துவது என்று எங்கள் ஆபீசில் யாருக்காவது சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வருவார்கள். கத்திரி வெயிலிலும் கசங்காத சட்டையோடு உட்கார்ந்திருக்கிற ஆள் சங்கராபுரத்திலேயே நான் ஒருவன்தான் என்று எனக்கு நினைப்பு. வெளிர் நீலம், சந்தன நிறம், இளம் பச்சை. எல்லாம் பருத்தி, எல்லாம் அரைக்கை, உடம்பில் ஒட்டாத தையல். "டெரிகாட்டன் போட்டா வேர்வ உள்ளயே நின்னுடும்பா, காட்டன் எடு" என்று வாய் கிழியப் பேசுவேன். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சட்டையையும் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, லுங்கியோடு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துவிடுவேன்.

அடுத்த அறையில், அடுப்புக்கு முன்னால், நைட்டியும் தோளில் ஒரு துண்டுமாக என் மனைவி நின்றிருப்பாள். அந்தத் துண்டு இல்லாமல் வாசலுக்கு வரக்கூடாது. எங்கள் வடக்கனந்தல் பக்கம் எழுதாத சட்டம் அது. மரவள்ளிக்குக் களை எடுக்கப் போனால் காற்றே புகாத பூனம் புடவை, அதன்மேல் என்னுடைய பழைய முழுக்கைச் சட்டை. காட்டன் புடவைகளும் இரண்டு வைத்திருந்தாள். அவற்றுக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி போட நேரம் ஏது? என் சட்டைகளுக்கு இஸ்திரி போடவே அவளுக்குப் பொழுது சரியாக இருந்தது. இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

சித்திரை பிறந்தால் அவள் கழுத்தும் முதுகும் வேர்க்குருவால் சிவந்துவிடும். ஒருநாள் பவுடர் தடவிக்கொண்டே கேட்டாள்.

"டீச்சருங்க எல்லாம் சுடிதார் போட்டுக்கினு வண்டில போறாங்க. பாக்கவே காத்தாட இருக்குது. நானும் ஒண்ணு தெச்சிக்கட்டா?"

"நாப்பத்தஞ்சு வயசுல சுடிதாரா? ஊரு சிரிக்கும்" என்றேன்.

அவள் பவுடர் டப்பாவை மூடி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள் என்று நினைத்தேன். எனக்குத் தெரியாமல் கள்ளக்குறிச்சியில் துணி எடுத்து, பக்கத்துத் தெருவில் தைக்கிற பெண்ணிடம் கொடுத்திருக்கிறாள். மாம்பிஞ்சு நிறப் பருத்தி, பொடிப் பொடியாக வெள்ளைப் பூ. பக்கவாட்டில் ஒரு பாக்கெட் வேண்டும் என்று சண்டை போட்டு வைக்கச் சொன்னாளாம்.

அந்த மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் தாங்காமல் கல்வராயன் மலைக்கு அருவியில் குளிக்கக் கிளம்பினோம். எப்போதும்போல் புடவை கட்டி, ஒரு பக்கமாக உட்கார்ந்துதான் வந்தாள். கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதையில் முதல் வளைவு வந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கினாள். நடுரோட்டில் புடவையை உருவ ஆரம்பித்தாள். எனக்கு உயிரே போய்விட்டது.

"இன்னா அப்பிடி பாக்கிறீங்க? உள்ள போட்டுக்கினுதான் வந்தேன்" என்று சிரித்தாள்.

புடவையை மடித்துப் பைக்குள் திணித்துவிட்டு, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வழியெல்லாம் பேச்சு. காற்று கைக்குள் புகுந்து வருகிறது என்றாள், முதுகு சில்லென்று இருக்கிறது என்றாள், இதைவிட்டு ஆறு கஜத்தைச் சுற்றிக்கொண்டு ஏன்தான் வெந்து சாகிறோமோ என்றாள். அருவிக்குப் பக்கத்தில், தன் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு நின்று போட்டோ எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். அழகாக இருந்தாள். அதைச் சொல்ல வாய் வரவில்லை. யாராவது தெரிந்தவர்கள் வருகிறார்களா என்று பார்ப்பதிலேயே என் கண் இருந்தது.

திரும்பும்போது, அதே முதல் வளைவில் நான் வண்டியை நிறுத்தினேன்.

"புடவைய கட்டிக்க."

"இப்பிடியே வூட்டுக்கு வந்துடட்டாங்க?" என்று கேட்டாள். கெஞ்சலாகக் கேட்கவில்லை. ஒருவேளை சரி என்று சொல்லிவிடுவேனோ என்ற ஆசையில் கேட்டாள்.

"யாருனா பாத்தா இன்னா நெனப்பாங்க? உங்க வூட்டு ஆளுங்களே என்னைத்தான் கேப்பாங்க. கட்டு."

ஒரு புளியமரத்துக்குப் பின்னால் போய், சுடிதாரின் மேலேயே புடவையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். பேண்ட் தெரியாமல் இருக்க அதை முழங்கால் வரை ஏற்றிவிட்டிருந்தாள். மறுபடி ஒரு பக்கமாக உட்கார்ந்தாள். சமவெளி அனல் முகத்தில் அடித்தது. வீடு வந்து சேருகிற வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் அந்தச் சுடிதாரை அவள் போட்டு நான் பார்க்கவும் இல்லை. ஏன் போடவில்லை என்று ஒருநாளாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. விட்டது தொல்லை என்றுதான் இருந்தேன்.

மறு வருஷம் கத்திரி தொடங்கிய வாரம், காலையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோவிலேயே என் மடியில் தலை சாய்ந்துவிட்டது.

எங்கள் பக்கம் செத்தவர்களுக்குச் சொந்தக்காரர்கள் கோடி போடுவார்கள். ஆளுக்கொரு புதுப் புடவை வாங்கி வந்து உடம்பின்மேல் போர்த்துவது. பிறந்த வீட்டுக் கோடி, நாத்தனார் கோடி, பங்காளி வீட்டுக் கோடி என்று வந்துகொண்டே இருந்தது. பந்தலுக்குள் நிற்க முடியாத வெக்கை. ஜரிகை வைத்தது, பளபளவென்று மின்னுவது, ஒன்றின்மேல் ஒன்றாக ஐந்தோ ஆறோ அவள்மேல் ஏறிவிட்டன. முகம் மட்டும்தான் தெரிந்தது. அடுத்ததை விரித்தபோது என்னால் தாங்க முடியவில்லை.

"போதும், எடுங்க! அவளுக்குப் புழுங்கும்!" என்று கத்தினேன்.

எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். இரண்டு பேர் தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்து வேப்பமரத்தடியில் உட்காரவைத்தார்கள். சிறிது நேரத்தில் அவளுடைய தம்பி பெண்டாட்டி ஒரு சொம்பு தண்ணீரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, அந்த பச்ச சுடிதார் எங்க இருக்குது? அண்ணிக்கு ஆசையானது. கூட வெச்சி அனுப்பிடலாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்பிடிம்மா தெரியும்?"

"எனக்கு மட்டுமா? தெருவுல அல்லாருக்கும் தெரியும். மலையில எடுத்த போட்டோவ போன்ல காமிச்சாங்களே."

"யாரும் சிரிக்கலயா?"

"எதுக்கு சிரிக்கணும்? எவ்ளோ நல்லா இருந்தாங்க. 'எங்க வூட்டுக்காரரு எடுத்துக் குடுத்தாரு, அவருதான் போட்டுக்கச் சொல்லி வண்டில கூட்டிக்கினு போனாரு'ன்னு அண்ணி பெருமையா சொன்னாங்க. 'உங்க மாமாவப் பாத்து கத்துக்குங்க'ன்னு நான் எங்க வூட்டுல சண்டையே போட்டேன்."

அந்த நேரத்திலாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். துணி அவள் எடுத்தது என்று சொல்லியிருக்க வேண்டும். புளியமரத்துக்குப் பின்னால் நான் அவளை அனுப்பியதைச் சொல்லியிருக்க வேண்டும்.

பந்தலில் இருந்தவர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீரைக் குடித்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினேன்.