புறக்கோட்டையில் சிஞ்ஞோரா

இத்தாலியில், பலெர்மோ நகரின் கால்சாப் பகுதியில் நான் சமையலும் துப்புரவும் செய்யும் வீட்டின் அம்மா, நான் சிஞ்ஞோரா என்று கூப்பிடுபவர், ஓய்வு பெறும்வரை பழைய மாளிகைகளைத் திருத்திக் கட்டியவர். அக்கா மகளின் கல்யாணத்துக்கு மன்னார் போக லீவு கேட்டேன். தானும் வருவதாகவும், முதலில் தலைநகரைக் காட்ட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். எனக்குச் சங்கடமாகப் போயிற்று. இத்தாலிக்கு வருமுன், ஏஜென்சிக்காரனின் அழைப்புக்காகப் புறக்கோட்டை லொட்ஜ் ஒன்றில் சில மாதங்கள் கிடந்ததுதான் நான் அறிந்த கொழும்பு. அது போர்க்காலம், சோதனைச் சாவடிகளுக்குப் பயந்து வெளியே இறங்கியதே குறைவு. அதைச் சொல்ல வெட்கப்பட்டுத் தலையாட்டினேன்.

புறக்கோட்டையில் அவர் நடுத்தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார். மூட்டை வண்டி இழுத்து வந்த சுமைகூலி நாட்டாமைகள் சத்தம் போட்டார்கள். ஆட்டோக்காரர்கள் ஹோர்ன் அடித்தார்கள். பலெர்மோவின் பல்லரோ சந்தை நெரிசலில் பழகியவர், அசையவில்லை. நான்தான் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தபடி இருந்தேன்.

சிவப்பும் வெள்ளையுமாக வரிவரியாகக் கட்டிய பள்ளிவாசலின் முன்னால் அவர் மறுபடியும் அண்ணாந்து நின்றுவிட்டார். வாசலில் இருந்த பெரியவர் விசாரித்தார்.

"எங்க இருந்து வாறீங்க?"

"இத்தாலி, பலெர்மோ. இவவின்ர வீட்டிலதான் நான் வேலை. பழைய கட்டிடமெண்டால் இவவுக்கு உயிர்."

"தலைய மூடிட்டு உள்ளுக்கு வரச் சொல்லுங்க."

சிஞ்ஞோரா சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். ஒரு தூணைத் தடவியபடி, பலெர்மோவிலும் அரபுக் கைவேலை உண்டு, சிவப்புக் குவிமாடம் வைத்த கிறிஸ்தவக் கோயில்கூட இருக்கிறது, இவரிடம் சொல் என்றார். சொன்னேன்.

"அப்ப நாங்க சொந்தக்காரர்தான்," என்று பெரியவர் சிரித்தார்.

வெளியே வந்ததும், நான் அறிந்த கொழும்பு இங்கே கிடந்த ஒரு லொட்ஜ்தான் என்று ஒத்துக்கொண்டேன். அதைக் காட்டச் சொன்னார். தேடிக் கண்டுபிடித்தேன். கீழே கைபேசி உறை விற்கும் கடை. சிஞ்ஞோரா விளம்பரப் பலகைகளுக்கு மேலே விரலை நீட்டினார். சுண்ணச் சாந்தில் பூவேலை செய்த வளைவுகள். அவற்றின் கீழே மரச்சட்ட ஜன்னல்கள். அவற்றில் ஒன்று என்னுடைய அறையின் ஜன்னல். அங்கே இருந்த காலத்தில் அந்த ஜன்னலை நான் திறந்ததே இல்லை.

என்னை அங்கே நிறுத்திப் படம் எடுத்தார். அன்று மாலை அதை ஊரில் இருக்கும் மனைவிக்கு அனுப்பினேன். உடனே அழைத்தாள்.

"இதென்ன அரண்மனை? எங்க நிக்கிறியள்?"

"நான் கிடந்த லொட்ஜ்."

"சும்மா கதைக்காதேங்கோ."

மறுநாள் பக்கத்துக் கோட்டைப் பகுதியின் பழைய கட்டிடங்களைப் பார்க்கப் போவதற்கு முதலில் எழும்பி ஆயத்தமாகி நின்றது நான்தான்.