பின்ஹால் தொட்டித் தண்ணீர்

தோல் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ முடித்துவிட்டு, தொண்ணூறுகளின் கடைசியில், ஆம்பூருக்குப் பக்கத்தில் ஷூவின் மேல்பாகம் தைக்கும் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலையில் சேர்ந்தேன். பள்ளிகொண்டாவிலிருந்து தினமும் பஸ். தைத்து வரும் ஜோடிகளைப் புரட்டிப் பார்த்து, தையல் விட்டது, விளிம்பு கிழிந்தது, பசை வழிந்தது என்று வகை பிரித்துத் தாளில் கோடு போட வேண்டும். ஒரே குறை பல ஜோடிகளில் வந்தால், அது எந்த மெஷினிலிருந்து வருகிறது என்று பின்னோக்கித் தேடிப் போக வேண்டும். வேலை அவ்வளவுதான்.

அந்த ஆண்டு மழைக்குப் பிறகு, தைக்கும் பெண்கள் ஒவ்வொருவராக வேலைக்கு வராமல் நின்றார்கள். கண் மஞ்சள், சோற்றைக் கண்டால் குமட்டல். மூன்றாவது பெண் நின்றதும் குறைத் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டேன்: என்றைக்கிலிருந்து வரவில்லை, எந்த ஹால், எங்கே சாப்பிடுவாள், எங்கே தண்ணீர் குடிப்பாள்.

"இன்னா மேடம், ஷூவுக்குப் போடுற கோட்ட எங்களுக்கும் போட ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று தையல் மெஷினிலிருந்து ஒருத்தி கேட்டாள். "எங்கள எந்தப் பெட்டில போடுவீங்க, நல்லதுலயா, ரிஜெக்ட்லயா?"

கம்பெனியில் இரண்டு ஹால். முன்ஹாலுக்கு மாடியில் தொட்டி. பின்ஹாலுக்குக் கக்கூஸ் சுவரை ஒட்டித் தரையோடு கட்டிய சிமெண்ட் தொட்டி. கடைசியில் ஒன்பது பேர் வேலைக்கு வராமல் நின்றிருந்தார்கள், அதில் எட்டுப் பேர் பின்ஹால். ஒன்பதாவது பெண் முன்ஹாலில் தைப்பவள். ஆனால் மதியம் பின்ஹாலில் தன் நாத்தனாரோடு உட்கார்ந்து சாப்பிட்டு அங்கேயே தண்ணீர் குடிப்பாள்.

தாளை சூப்பர்வைசரிடம் காட்டினேன். "இந்த வேலய உனக்கு யாரு குடுத்தது?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். எதற்கென்று யாரும் சொல்லவில்லை.

நின்றவர்களில் ஓர் அக்கா, தோலின் ஓரத்தைச் சீவி மெல்லியதாக்கும் மெஷினில் பதினோரு வருடமாக இருந்தவர். உடம்பு சரியில்லை என்று கம்பெனியில் சொல்லச் சொல்லி பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சேதி அனுப்பியிருந்தார். அவளும் பின்ஹால்தான். மறுநாளே அவளும் படுத்துவிட்டாள், சேதி போகவில்லை. அக்கா விரிஞ்சிபுரம் பக்கத்தில் ஒரு வைத்தியரிடம் கீழாநெல்லி அரைத்து வாங்கிக் குடித்து, உப்பில்லாமல் சாப்பிட்டு, இருபத்தாறு நாள் கழித்து வந்தார். கேட்டில் அவருடைய டைம் கார்டு இல்லை. ரிஜிஸ்டரில், தகவல் இல்லாமல் தானே வேலையை விட்டு நின்றவர் என்று எழுதியிருந்தது.

இ.எஸ்.ஐ. டாக்டரிடம் சான்று வாங்கி, நோய்க்கால உதவியில் இருப்பவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்பது சட்டம். அக்காவிடம் சான்று இல்லை. ஒன்பது பேரில் முன்ஹால் பெண் ஒருத்தியிடம் மட்டுமே இருந்தது. அவளுடைய அப்பா ஆஸ்பத்திரி ஊழியர், முதல் நாளே ரத்தம் எடுக்க வைத்து, சான்றும் வாங்கிவிட்டார்.

அக்கா தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தார். விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார். என் தாளையும், முன்ஹால் பெண்ணிடம் கேட்டு வாங்கிய ரத்தப் பரிசோதனை நகலையும் எடுத்துக்கொண்டு வேலூருக்குப் போனேன். வராண்டாவில் கம்பெனியின் பர்சனல் மேனேஜர், "ஏம்மா, நீ நம்ம ஆளா, அவங்க ஆளா?" என்றார். லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

உள்ளே அதிகாரி அக்காவிடம் கேட்டார். "ஏம்மா, இ.எஸ்.ஐ.க்குப் போறதுக்கு இன்னா?"

"காமாலைக்கு யாரு சார் ஊசி போட்டுப்பாங்க? ஊசி போட்டா ஆளு போய்டும்னு எங்க தெருவுல சொல்லுவாங்க."

மேனேஜர் குறுக்கிட்டார். "தொழிலால வர்ற நோய்னு சட்டத்துல ஒரு பட்டியல் இருக்கு சார், அதுல காமாலை இல்ல. பஸ் ஸ்டாண்டுல ஜூஸ் குடிச்சாகூட வரும்."

"ஒம்பது பேரும் ஒரே கடைல குடிச்சமா சார்?" என்றார் அக்கா.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீ டாக்டராம்மா?"

"இல்ல சார், செக்கிங்."

"அப்புறம் இவங்களுக்குக் காமாலைன்னு எப்படிச் சொல்ற?"

நகலை நீட்டினேன். "இந்தப் பொண்ணுக்கு ரத்தப் பரிசோதனை இருக்கு சார். இவ முன்ஹால், ஆனா குடிச்சது பின்ஹால் தண்ணி. முன்ஹால்ல வேற யாருக்கும் வரல. அக்கா குடிச்சதும் பின்ஹால் தண்ணிதான்."

அவர் இரண்டு தாள்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மேனேஜரிடம், "நல்ல குடிதண்ணி குடுக்கறது உங்க பொறுப்புதானே?" என்றார். மேனேஜர் வெளியே போய் போன் பேசிவிட்டு வந்தார். அரை மணி நேரத்தில் ஒரு சமாதான ஒப்பந்தம் டைப் ஆகி வந்தது.

அக்கா அதை என்னிடம் நீட்டினார். மெதுவாகப் படித்தேன். மனிதாபிமான அடிப்படையில் மறுபடியும் வேலை, பழைய நம்பர், சர்வீஸ் தொடரும். இந்த நோய் குறித்துத் தொழிலாளிக்கு வேறு கோரிக்கை எதுவும் இல்லை.

"வேற கோரிக்கை இல்லன்னா?"

"நாளைக்கு இதனால ஈரல் கெட்டுப்போனாலும் கம்பெனியக் கேக்க முடியாதுக்கா. தண்ணின்னு ஒரு வார்த்தைகூட இதுல இல்ல. அதையும் சேத்துப் போடச் சொல்லலாமா?"

அக்கா தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "சொன்னா இன்னொரு தேதி குடுப்பாங்க. அது வரைக்கும் நான் எங்க போய் உக்காருவேன்? சர்வீஸ் உடையாதுல்ல?"

"உடையாதுக்கா."

எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார். என் தாளை ஃபைலில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி நீட்டினேன். "சமாதானம் ஆயிடுச்சே, இது வேணாம்மா" என்று அதிகாரி திருப்பிக் கொடுத்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அதற்குள் அக்கா எழுந்து மேனேஜரிடம் போயிருந்தார்.

"நாளைக்குக் காலைலயே வந்துடட்டுமா சார்?"

"வாம்மா."