ரிம்மரின் இரண்டு நிமிடம்

இங்கிலாந்தின் லங்காஷயர் கடலோரத்தில், எங்கள் ஊருக்கு அடியில் உள்ள உப்புப் பாறையைத் தண்ணீர் விட்டுக் கரைத்து, அந்தக் குழிகளில் எரிவாயுவைச் சேமிக்க ஒரு கம்பெனி திட்டம் போட்டது. ஊரின் கருத்தைக் கேட்க சர்ச் மண்டபத்தில் கூட்டம் நடந்தது. பேச ஆளுக்கு இரண்டு நிமிடம்.

இறால் பிடிக்கும் கிளிஃபர்ட் ரிம்மருக்குத் திக்குவாய். கரைத்த உப்புத் தண்ணீரை எங்கே விடுவீர்கள் என்ற ஒரே கேள்வியை மூன்று வாரமாகப் படகில் தனியாகச் சொல்லிப் பழகியிருந்தார்.

எழுந்து நின்று, "உ... உ... உப்..." என்றார்.

"சீக்கிரம்பா, அதுக்குள்ள கடலே வத்திடும்!" என்று கத்தினார் மதுக்கடை ஹார்க்கர். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

"நிதானமா சொல்லுங்க சார்," என்ற கம்பெனியின் பெண் அதிகாரி, இரண்டு நிமிடம் முடிந்ததும் மணியடித்தார். ரிம்மர் கேள்வி எழுதிய தாளை அவரிடம் நீட்டினார்.

"மன்னிச்சுக்கோங்க, இன்னிக்கு வாயால சொல்றதைத்தான் பதிவு பண்றோம்."

உப்புத் தண்ணீரை விடுவது பற்றி யாரும் கேட்கவில்லை என்று கம்பெனியின் அறிக்கை வந்தது. ரிம்மர் வலை போடும் இடத்திலேயே அந்தத் தண்ணீரை விடும் குழாயை இறக்கினார்கள். இரண்டாம் வருடம் வலையில் இறாலே விழவில்லை. படகை விற்ற ரிம்மருக்குக் கம்பெனி வாசலில் காவல் வேலை கிடைத்தது. அங்கே வாய் திறக்கவே தேவையில்லை என்று ஹார்க்கர்தான் சிபாரிசு செய்தாராம்.