என் ரத்தத்தில் இருந்த எதிர்ப்பு

என் வீட்டுக்காரருக்குக் காசநோய் என்று பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் சொன்ன வருஷம், எங்கள் குன்னம் பக்கத்தில் வெங்காயம் நல்ல விளைச்சல். விளைச்சலை ஊரெல்லாம் சொன்னார். நோயை மட்டும் நெஞ்சுச் சளி என்று மாற்றிச் சொன்னார்.

நடுவில் மாத்திரையை விட்டால் நோய் முற்றிப்போகும், அப்புறம் மருந்தே கேட்காது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். இருமல் நின்றதும் இவர் நிறுத்திவிட்டார். சிறுநீர் சிவப்பாகப் போகிறதாம், உடம்புச் சூடாம். மாத்திரை அட்டையை, வெங்காயம் சேமித்து வைக்கும் பட்டறையின் கீற்றுக்குள் செருகி வைத்ததை நான் பார்த்தேன். ஆள் நம் கண்முன்னே போய்விடுவாரே என்று பயந்தேன். ஆனாலும் வாய் திறக்கவில்லை. அவரிடம் எதையும் சொல்லிப் பழக்கமில்லை.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு டாக்டரம்மா ஜீப்பில் வந்தார். நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தும் சிலருக்கு இந்த நோய் வருவதில்லை. அது ஏன் என்று ஆராய்வதுதான் அவர் வேலையாம். என் முன்கைத் தோலில் ஓர் ஊசி போட்டுவிட்டுப் போனார். மறுபடி வந்தபோது அந்த இடம் தடித்துச் சிவந்திருந்தது. என் உடம்பைப் பார்த்து ஒருவர் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

"கிருமி உங்க உடம்புக்குள்ள போயிருக்கும்மா. ஆனா உடம்பு அதைத் தலைதூக்க விடாம அடக்கி வச்சிருக்கு. நல்ல எதிர்ப்பு சக்தி. கொஞ்சம் ரத்தம் குடுத்தீங்கன்னா, எப்படி எதிர்க்குதுன்னு பாத்துடலாம்."

வீட்டுக்காரருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இவளுக்கா எதிர்ப்பு? வூடு மாறி வந்துட்டீங்க டாக்டரம்மா. கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்ல."

வெங்காயத் தாள் அரிந்துகொண்டிருந்த மாமியார் நிமிராமலே சொன்னார்: "வாயில இல்லாதது ரத்தத்துல எங்கேருந்து வரும்? நெறையா எடுத்துப் பாருங்க தாயி. இருந்தா எங்களுக்கும் காட்டுங்க."

டாக்டரம்மா என் கையில் ரப்பர் குழாயைக் கட்டினார். நான் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"பயமா இருக்காம்மா?"

பயம்தான். ஊசிக்கு இல்லை. தரையைப் பார்த்தபடி, "அவரு மாத்திரைய நிறுத்திட்டாருங்க. பட்டறையில சொருகி வச்சிருக்காரு" என்றேன். காதில் விழவில்லை என்று டாக்டரம்மா திரும்பக் கேட்டதால், அந்தத் துரோகத்தை இரண்டு தடவை செய்ய வேண்டியதாயிற்று.

கட்டுத்தறி மாடு பேசினாற்போல வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "ஒண்ணுக்கு செவப்பாப் போவுதுங்க, உடம்புச் சூடு" என்றார் டாக்டரம்மாவிடம்.

டாக்டரம்மா குழாயை அவிழ்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "சிவப்பு மாத்திரையோட நிறங்க, சூடு இல்ல. இப்பவே ஜீப்புல ஏறுங்க. சளியத் திரும்பப் பாத்துட்டு மருந்து ஆரம்பிக்கணும்."

ஏறினார். கோபத்திலும் ஊர் பார்க்கட்டும் என்று முன்சீட்டில் ஏறினார்.

அதன்பின் என் கையால் மாத்திரை வாங்க ரோஷம் விடவில்லை. அங்கன்வாடிக்குப் போய் டீச்சர் முன்னால் விழுங்கிவிட்டு வந்தார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. என் ரத்தத்தை டாக்டரம்மா அடுத்த முறை வந்து எடுத்துப் போனார்.

மருந்தெல்லாம் முடிந்து, சளியில் கிருமி இல்லை என்று தெரிந்தபின் டாக்டரம்மா கடைசியாக ஒருமுறை வந்தார். வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். "நான் எவனுக்கும் அடங்குற ஆளு இல்லீங்க. அதான் கிருமியே ஓடிருச்சி."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

மாமியார் மட்டும் மறக்காமல் கேட்டார். "இவ ரத்தத்துல இருந்துச்சா தாயி?"

"நெறையவே இருக்கு பாட்டி."

"இப்ப எங்க இருக்கு?"

"மெட்ராஸ்ல, ஐஸ் பெட்டியில வச்சிருக்கோம்."

"அங்கியே இருக்கட்டும்" என்றார் மாமியார்.