கர்னல் கடிக்கவில்லை

புதன்கிழமை மதியம் மட்டும்தான் எங்கள் சின்ன ஊரான கோல்வரில் நீதிமன்றம். மற்ற நாட்களில் அதே கூடத்தில் நகர்மன்றக் கூட்டம் நடக்கும், ரத்ததான முகாம் நடக்கும், கிழவர்கள் சீட்டாடுவார்கள். நீதிபதி லின்ட்குவிஸ்டும் மற்ற நாட்களில் ஊராருக்கு உயில் எழுதிக் கொடுக்கும் சாதாரண வக்கீல்தான். புதனன்று கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு நீளமேசைக்குப் பின்னால் உட்கார்ந்தால் எல்லோரும் எழுந்து நிற்போம். காரைக் கண்மண் தெரியாமல் ஓட்டியவன், வாசல் புல்லை முழங்கால் உயரத்துக்கு வளரவிட்டவன், கடையில் இறைச்சிப் பொட்டலத்தைச் சட்டைக்குள் செருகியவன், இவர்கள்தான் எங்கள் வாடிக்கை. ஜூரி கிடையாது. கேட்பார், விசாரிப்பார், அவரே தீர்ப்புச் சொல்வார். நான் அங்கே குமாஸ்தா.

பெயர் கூப்பிடும் டவாலி ஒலீட்டா ஃபென்ஸ்கே. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். அவள் கூப்பிட்டால் வாகன நிறுத்தத்தில் புகை பிடித்துக்கொண்டிருப்பவனுக்கும் கேட்கும். சொற்பச் சம்பளத்துக்கு எதற்காக இந்த வேலைக்கு வந்தாள் என்பதை அவள் மறைக்கவே இல்லை. சேர்ந்த வாரமே என்னிடம் சொல்லிவிட்டாள்.

"நடீன், இந்த ஊர்ல பொறந்தவன் எவனா இருந்தாலும் ஒரு நாள் இந்த வாசப்படிய மிதிச்சே ஆகணும். ராய்ஸ் டில்மனும் மிதிப்பான். அன்னிக்கு அவன் பேரை நான்தான் கூப்பிடணும்."

ராய்ஸ் டயர்க் கடைக்காரன். முன்பு அவளுக்கு அடுத்த வீடு. ஒலீட்டாவின் கணவர் விட்டுப்போன வேட்டைநாய் கர்னல், ரயில் போகும்போதெல்லாம் ஊளையிடும். அது ராய்ஸுக்கு ஆகவில்லை. முதலில் வேலிக்கு மேலாகத் திட்டினான். பிறகு ஒரு நாள் கெண்டைக்காலில் கட்டோடு வந்து, நாய் வேலி தாண்டி வந்து கடித்துவிட்டது என்று புகார் கொடுத்தான். அந்த நேரத்தில் கர்னல் தன் காலடியில் தூங்கிக்கொண்டிருந்ததாக ஒலீட்டா சத்தியம் செய்து சொன்னாள். அவனும் சத்தியம் செய்துதான் சொன்னான். அவனிடம் தையல் போட்ட கால் இருந்தது, அவளிடம் வாய்ச்சொல் மட்டும் இருந்தது. நீதிபதி தையலை நம்பினார்.

பத்து நாளுக்குள் ஊர் எல்லைக்கு வெளியே யாராவது நாயைப் பொறுப்பேற்க வேண்டும், இல்லையென்றால் ஊசி போட்டுக் கொன்றுவிட வேண்டும். அதுதான் தீர்ப்பு. ஒலீட்டா பண்ணை பண்ணையாகப் போய்க் கேட்டாள். போகும் இடத்துக்கெல்லாம் ராய்ஸின் தொலைபேசி முந்திக்கொண்டு போயிருந்தது. "கொழந்தைங்க இருக்கற வீடு, பாத்துக்கங்கப்பா" என்று அக்கறையாகச் சொல்வானாம். டிராக்டர் டயரை அவனிடம் தவணையில் வாங்கிய பண்ணைக்காரர்கள் தலையைச் சொறிந்துகொண்டு கதவைச் சாத்தினார்கள். பத்தாம் நாள், கால்நடை மருத்துவரின் மேசையில் கர்னலின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் ஒலீட்டாதான்.

அதன்பின் வீட்டை விற்றாள். ஊர் எல்லைப் பலகையைத் தாண்டி முதலில் வரும் பழைய பண்ணை வீட்டை வாங்கினாள். சுற்றிலும் ஆளுயர வேலி போட்டாள். நாய் வளர்க்கவில்லை. "அப்புறம் வேலி எதுக்கு?" என்று கேட்டேன். "இருக்கட்டும்" என்றாள்.

வருஷங்கள் ஓடின. ராய்ஸ் ஒழுங்கானவன், சிவப்பு விளக்கில் கூட ஒரு நொடி அதிகமாகவே நிற்பான். ஒவ்வொரு புதனும் ஒலீட்டா அன்றைய பெயர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னிக்கும் இல்ல" என்று காபி ஊற்றிக்கொள்வாள். ஒருவன் மேல் இத்தனை காலம் ஆறாமல் கோபத்தைக் காத்துவைக்க முடியும் என்று நான் அவளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

போன வசந்தத்தில் ராய்ஸின் நாய் ட்ரிக்ஸி கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடி, தபால்காரம்மாவின் கையைக் கடித்துக் குதறியது. தெருவே பார்த்தது. ட்ரிக்ஸி மூன்று வயது ஷெப்பர்டு. பிள்ளையில்லாத அந்த வீட்டில் அதுதான் பிள்ளை.

வழக்கு வந்த புதனன்று ஒலீட்டா புதுச் சட்டை போட்டு வந்திருந்தாள். அவன் பெயரை ஒரு தரம்தான் கூப்பிட்டாள். சுவர்க்கடிகாரம் அதிர்ந்தது.

ராய்ஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டு, "நல்ல நாய் அய்யா, அன்னிக்கு எதுக்கோ மிரண்டுடுச்சு" என்று கெஞ்சினான். நீதிபதி தபால்காரம்மாவின் கட்டைப் பார்த்தார். அதே தீர்ப்புத்தான். பத்து நாள்.

பண்ணை பண்ணையாக அலையும் முறை இப்போது அவனுடையது. தபால்காரம்மாவைக் கடித்த நாயை வாங்கிக்கொண்டால் வீட்டுக்குத் தபால் வராது என்று சிரித்தார்கள். ஒலீட்டா யாருக்கும் தொலைபேசி போடவில்லை. அதற்கு அவசியமே இருக்கவில்லை.

திங்கட்கிழமை அவள் வீட்டு வராந்தாவில் நாங்கள் இருவரும் ஐஸ் டீ குடித்துக்கொண்டிருந்தோம். ராய்ஸின் வண்டி வந்து வேலிக்கு வெளியே நின்றது. அவள் எழுந்திருக்கவில்லை.

"ஒலீட்டா, கொஞ்சம் பேசலாமா?"

"பேசு. காது நல்லாத்தான் கேக்குது."

"உன் இடம் ஊருக்கு வெளியில இருக்கு. வேலியும் இருக்கு. ட்ரிக்ஸிய..."

"ட்ரிக்ஸிய?"

"வெச்சுக்கயேன். தீனி செலவெல்லாம் நான் தரேன்."

"உன் தீனி யாருக்கு வேணும்? உன் கால்ல அன்னிக்கு எப்படிடா காயம் பட்டுது?"

அவன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"சரி, போயிட்டு வா. வியாழன் போனா வெள்ளி, அப்புறம் சனி. மருத்துவர் சனிக்கிழமை அரைநாள்தான் இருப்பாரு, சீக்கிரமா போயிடு."

ராய்ஸின் முகம் சுருங்கியது. "தகரம். கடைக்குப் பின்னாடி கெடந்த தகரம் கிழிச்சுது. போதுமா?"

"என்கிட்ட ஏன் சொல்ற? எனக்குத்தான் தெரியுமே. புதன்கிழமை வா. எந்த மைக்குக்கு முன்னாடி பொய் சொன்னியோ, அதே மைக்குல சொல்லு. அப்புறம் நாயக் கூட்டிட்டு வா."

"ஒலீட்டா, என் கடை போயிடும்!"

"என் கர்னல் போயிட்டான்."

செவ்வாயன்று அவள் உணவகத்தில் உட்கார்ந்து, வந்தவர் போனவரிடமெல்லாம் நாளைக்குக் கோர்ட்டுக்கு வாருங்கள் என்று சொல்லிவைத்தாள். புதனன்று நாற்காலி போதவில்லை. அவன் பெயர் அன்றைய வழக்குகளில் கிடையாது. நான் நீதிபதியிடம் விஷயத்தைச் சொல்லி, கடைசியில் இரண்டு நிமிஷம் வாங்கிவைத்திருந்தேன்.

"கர்னல் என்னைக் கடிக்கல" என்றான் ராய்ஸ், மேசையைப் பார்த்து.

"சத்தமா" என்றாள் ஒலீட்டா. நீதிபதி அவளைக் கண்டிக்கவில்லை.

"கர்னல் என்னைக் கடிக்கல. தகரத்துல கால் கிழிஞ்சுது. அது ஊளையிடறது பொறுக்காம பொய் சொன்னேன். அதை யாரும் எடுத்துக்கக் கூடாதுன்னு எல்லாருக்கும் போன் பண்ணினதும் நான்தான்."

பின்வரிசையில் யாரோ ஒரு பண்ணைக்காரர் தொப்பியைக் கழற்றினார். நகராட்சி வக்கீல், பொய்ச்சாட்சிக்கு வழக்குப் போடக் காலக்கெடு தாண்டிவிட்டது என்றார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தார்.

"ஃபென்ஸ்கே அம்மா, அந்தத் தீர்ப்பை நான்தான் சொன்னேன். எனக்கு ரொம்ப..."

"அடுத்த பேரைக் கூப்பிடட்டுமா அய்யா?" என்றாள் அவள். அடுத்த பெயர் எதுவும் இருக்கவில்லை.

சொன்ன சொல்லை ஒலீட்டா காப்பாற்றினாள். அன்று மாலையே ட்ரிக்ஸி வேலிக்குள் வந்தது. சங்கிலியை அவள் கையில் கொடுத்துவிட்டு ராய்ஸ் கேட்டான்: "ஞாயித்துக்கெழம வந்து பாக்கலாமா?"

"ரோட்டுல நின்னு பாரு. ரோடு உன் வரிப்பணம்தானே."

அவன் வந்து நிற்பான். முதலில் ட்ரிக்ஸி வேலியைப் பிறாண்டி அழுதது. அறுவடைக் காலம் வந்தபோது தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒலீட்டாவின் செருப்பின் மேல் மோவாயை வைத்துப் படுத்துக்கொண்டது. ஒரு ஞாயிறு நான் தாளாமல் கேட்டுவிட்டேன்.

"போதும் ஒலீட்டா. கதவைத் தொறந்து விடேன்."

"கர்னல் வந்து தொறக்கச் சொல்லட்டும், தொறக்கறேன்" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

ஊர்க்காரர்கள் இப்போது டயருக்குப் பக்கத்து ஊர் போகிறார்கள். ராய்ஸின் கடையில் பாதி நாள் ஆளில்லை. ஒலீட்டா மட்டும் அங்கேதான் போகிறாள். போன மாதம் நானும் கூடப் போயிருந்தேன். தேய்ந்தது ஒரு டயர்தான். அவன் அவள் காலடியில் முட்டி போட்டு அதை மாற்றி முடித்தான். அவள் கையைக் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"மத்த மூணையும் கழட்டித் திரும்ப மாட்டு" என்றாள். "ஏதோ ஆடற மாதிரி இருக்கு."