நியூட்ரலில் கிடந்த கம்பி

செல்லையா கியர் போட மறக்கவில்லை. கியரில் நின்ற காரை நியூட்ரலுக்குத் தள்ளியவன் நான்.

எழுதிவிட்டேன்! இந்த இரண்டு வாக்கியங்களுக்கு மூன்று தாள்களைக் கிழித்தேன். எண்ணுவது என் பழக்கம். பயம் வந்தால் கூடிவிடும்.

எழுபதுகளில் பீர்மேட்டில், ஒரு தேயிலை எஸ்டேட்டின் தொழிற்சாலைப் பொறுப்பு என்னுடையது. தாய்நாடு திரும்பிய துரை ஒருவரிடமிருந்து பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தேன். செல்லையா அதன் டிரைவர்.

கொழிஞ்சாம்பாறையில், என் தங்கை வீட்டருகே இருந்த பட்டறையில், அதற்கு ஓவர்டிரைவ் உள்ள கியர்பெட்டி மாற்றினேன். வேகம் பிடித்த பிறகு இன்ஜின் அலறாமல் ஓடும். ஸ்டியரிங்கை ஒட்டியிருந்த கியர் கம்பி போய், தரையிலிருந்து நிமிரும் நீளக் கம்பி வந்தது. டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு குமிழ்.

"மலையில இந்தக் குமிழை வெளிய இழுத்துப் போடோணுங்க," என்றார் மெக்கானிக். "உள்ள இருந்துச்சுன்னா, கியர் போட்டிருந்தாலும் வண்டி முன்னால உருளுமுங்க. டிரைவர்கிட்ட மறக்காமச் சொல்லிப்போடுங்க."

மறக்கவில்லை. அதுதான் என் குற்றம்!

நானே ஓட்டி வந்தேன். மலையில் குமிழை இழுத்தேன். எஸ்டேட்டுக்கு முன்னால் கொஞ்சம் சமமான சாலை வரும். அந்தச் சத்தமற்ற ஓட்டத்துக்கு ஆசைப்பட்டு மறுபடி உள்ளே தள்ளினேன். அப்படியே கொட்டகையில் விட்டேன்.

மறுநாள் காலை செல்லையா காரை ஆபீஸ் வாசலுக்கு ஏற்றிக்கொண்டு வந்தான். முழுக்க ஏற்றம். இறக்கம் இருந்திருந்தால் அவனே கண்டுபிடித்திருப்பான்...

இறங்கியவன் புதுக் கம்பியைக் காட்டி, "என்ன சார், நம்ம கார் கம்பு ஊன்ற வயசுக்கு வந்துட்டா? சொல்லவேயில்லியே!" என்றான். வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆறு பேர். எண்ணினேன்.

குமிழைப் பற்றி அப்போது சொல்லியிருக்க வேண்டும். அவனாக வந்து கேட்கட்டும் என்று இருந்துவிட்டேன். ஒரு சிரிப்பு சுட்டதற்காக!

எங்கள் மலையில் பேட்டரியை யாரும் நம்புவதில்லை. இறக்கத்தைப் பார்த்து நிறுத்தி, கியர் போட்டு, முன்சக்கரத்துக்குக் கல் கொடுப்போம். கிளம்பும்போது முதலில் கல்லை எடுப்போம். பிறகுதான் ஏறி, உருட்டி இன்ஜினைக் கிளப்புவோம். அந்த இடைவெளியில் காரைப் பிடித்திருப்பது கியர் ஒன்றுதான். கைப்பிரேக் பெயருக்கு.

பதினோரு மணிக்குக் கிளம்பினோம். செல்லையா குனிந்து கல்லை உருவினான். நான் குடையோடு பத்தடி தள்ளி நின்றேன். சொல்ல வாயெடுத்தேன்... எடுத்தேனா? இன்றுவரை தெரியவில்லை.

கார் உருண்டது. சாலையோர ஓடைச் சுவருக்கும் சக்கரத்துக்கும் நடுவே அவன் இடது முழங்கால்.

காரைத் தள்ளி அவனை வெளியே எடுத்தார்கள். எல்லோரும் அவனைச் சுற்றி நின்றார்கள். நான் காரிடம் போனேன். ஜன்னல் வழியே கையை விட்டேன். கம்பி ஒன்றாம் கியரில்தான் இருந்தது. அதை நடுவுக்குத் தள்ளினேன். குமிழை வெளியே இழுத்தேன். இரண்டே அசைவு. ஏன் செய்தேன்? யோசித்தா செய்தேன்? கை அவ்வளவு நிதானமாக இருந்ததே!

"கியர் போட்டேன் சார்... சத்தியமா போட்டேன்..." அவன் முனகிக்கொண்டே இருந்தான்.

கங்காணி உள்ளே எட்டிப் பார்த்தார். "நியூட்ரல்லல்லா கெடக்கு! புதுக் கம்பி சார், அவனுக்குக் கை பழகல."

"ஆமாம்," என்றேன். "பழகவில்லை."

கால் மடங்கவே இல்லை. கிளட்ச் மிதிக்க முடியாதவனுக்குக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் வேலை கிடைத்தது. அதற்கு முன் ஒருநாள், கம்பை ஊன்றி என் வீட்டுக்கு வந்தான்.

"மன்னிச்சிருங்க சார். நல்ல வண்டியச் சொட்டையாக்கிட்டேன். போட்ட மாதிரிதான் இருந்துச்சு... கை ஏமாத்திட்டு."

உங்களுக்குப் புரிகிறதா? தன் கையையே அவன் நம்பாமல் போய்விட்டான்!

"பரவாயில்லை, செல்லையா," என்றேன்.

இன்னும் இருக்கிறான். அவனிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஜீப் நிற்கும் இடத்தில் புது டிரைவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, "கியர் போட்டாச்சுன்னு நெனைக்காதிய, தொட்டுப் பாருங்கடே. நான் நெனைச்சுக் கெட்டவன்லா! சார் தங்கமானவரு, ஒரு சொல்லு திட்டல," என்பான்.

என் எதிரில் மட்டும் பதினான்கு முறை சொல்லியிருக்கிறான். பதினான்கு முறையும் நான் தலையாட்டினேன்.