தோல் பச்சை

எங்கள் நாணயச் சங்கத்தில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. "வாங்க ஆம்பூர்" என்பார் தலைவர். அவர் சொன்னால் வேதவாக்கு, மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். காட்பாடியிலிருந்து வரும் பேராசிரியரைக் காட்பாடி என்று யாரும் அழைப்பதில்லை. திருப்பத்தூர் வக்கீலைத் திருப்பத்தூர் என்று அழைத்தால் அவர் நோட்டீஸே அனுப்பிவிடுவார். அவர்களெல்லாம் சார். நான் மட்டும் ஊர்.

தலைவர் வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். சலவை மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் ஒரு பூதக்கண்ணாடி, வாயில் எப்போதும் ஒரு ஏலக்காய். நான் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். மாதக் கூட்டத்துக்கு நான் உள்ளே நுழைந்ததும் அவர் மூக்கைக் கொஞ்சம் உறிஞ்சுவார். "ஆம்பூர்னா ரெண்டு வாசனை. ஒண்ணு பிரியாணி. அதை மட்டும் வீட்டுலயே வெச்சுட்டு வந்துடறார் நம்மாளு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். இன்னொரு வாசனை எது என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தலைக்கு ஊற்றி, சலவைச் சட்டை போட்டு, சென்ட் அடித்துக்கொண்டு வந்தவன் நான். நானும் கூடவே சிரிப்பேன். அந்தச் சிரிப்பைச் சிரிக்க எவ்வளவு பல்லைக் கடிக்கவேண்டும் என்பது சிரித்தவனுக்குத்தான் தெரியும்.

பிறகு ஏன் போனாய் என்று என் மனைவியும் கேட்டிருக்கிறாள். ஒரு காசுக்காகப் போனேன்.

பாலாற்றில் வெள்ளம் வந்து வடிந்த வருஷம் அது. வெள்ளம் வடிந்தால் எங்கள் பக்கத்து ஜனங்களில் சில பேர் ஆற்றில் குனிந்த தலை நிமிராமல் நடப்பார்கள். மணல் புரண்டு, அடியில் கிடந்ததெல்லாம் மேலே வந்திருக்கும். ஓட்டாஞ்சில்லு, ஆணி, எவளோ தொலைத்த கொலுசுத் திருகு. எனக்குக் கிடைத்தது ஆற்காட்டு நவாப் காலத்துச் செப்புக்காசு. ஒரு பக்கம் பாரசீக எழுத்து, மறுபக்கம் தமிழ் எழுத்து. அந்த வகைக் காசில் அடிக்கும்போதே பாதி எழுத்து விளிம்புக்கு வெளியே போய்விடும். இரண்டு பக்கமும் முழுசாக விழுந்த காசு, எங்களுக்குத் தெரிந்து ஜில்லாவிலேயே தலைவரிடம் ஒன்றுதான் இருந்தது. அதை வைத்துத்தான் அவர் தலைவர். இரண்டாவது, தோல் பதனிடும் ஷாப்களின் கழிவுத் தண்ணீரைக் குடித்துக் குடித்துச் செத்த அந்த ஆறு என் காலடியில் கொண்டுவந்து போட்டது.

அதற்கு நான் ஒரு ஆல்பம் செய்தேன். மற்றவர்கள் பிளாஸ்டிக் உறையில் காசு வைத்திருந்தார்கள், பத்து ரூபாய் சமாச்சாரம். நான் ஏற்றுமதி ஆர்டரில் மிஞ்சிய ஆட்டுத்தோல் துண்டுகளைக் கேட்டு வாங்கி, ஒரே நிறமாகப் பொறுக்கி, மெஷினில் ஏற்றாமல் கையாலேயே தைத்தேன். பக்கத்துக்குப் பக்கம் காசு அளவுக்குச் சின்னச் சின்னப் பை. மூடுவதற்குப் பித்தளை பட்டன். தொட்டால் விரல் எடுக்க மனசு வராது. என் சாமான்களில் அந்தச் சபையில் வைக்கத் தகுந்தது அது ஒன்றுதான் என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது.

தலைவர் அதில் மயங்கிவிட்டார். அப்படித்தான் நினைத்தேன். ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். தடவிப் பார்ப்பார். "ராஜா வீட்டு வேலைப்பாடு ஆம்பூர். காசை இதிலிருந்து எடுத்துடாதீங்க. இதுதான் அதுக்கு வீடு" என்பார். இரண்டு வருஷமாக அந்த மனிதர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லிச் சொல்லி அவள் காது புளித்துப்போனது.

மழைக்காலத்துக்கு முந்தைய கூட்டத்தில்தான், வேலூர் கண்காட்சியில் நடுக் கண்ணாடிப் பெட்டியில் என் காசை வைக்கலாம் என்று முடிவானது. பேராசிரியர் சொன்னார், வக்கீல் வழிமொழிந்தார், தலைவர் கொஞ்சம் யோசித்து, சரி என்றார். காசுக்குக் கீழே ஒரு அட்டை வைப்பார்கள். அட்டையில் காசின் விவரமும் அதற்குரியவர் பெயரும் இருக்கும். ஊர் இல்லை, பெயர். எனக்கு வேண்டியது அந்த அட்டைதான். அன்றைக்கும் ஆல்பம் தலைவர் மடியில்தான் இருந்தது. செப்புக்காசுப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார். மெதுவாக மூடி, பட்டனையும் அவரே போட்டுக் கொடுத்தார். "கண்காட்சி வரைக்கும் திறக்காதீங்க. காத்து படவேண்டாம்" என்றார். நானும் அவர் சொன்னபடி ஆல்பத்தைப் பீரோவில் துணிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

மழைக்காலம் முடிந்து கண்காட்சி, ஒரு கல்யாண மண்டபத்தில். முந்தின நாள் முகூர்த்தத்தின் சாம்பார் வாசனை போகவில்லை, வாழைமரம்கூட அவிழ்க்கவில்லை. எனக்கு அடுத்த மேஜையில் ஒரு சின்ன வயசுப் பெண். பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ், காலை ஆராதனை முடித்து நேராக வந்திருந்தாள். அவளுக்கு இது முதல் கண்காட்சி. செத்துப்போன அப்பாவின் பிஸ்கட் டின்னைத் திறந்து, உள்ளே இருந்ததைப் பரப்பி வைத்துக்கொண்டு, விலை கேட்பவர்களுக்கெல்லாம் "இது விக்கறதுக்கு இல்லைங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணாடிப் பெட்டியில் அட்டையை மட்டும் முதலில் வைத்திருந்தார்கள். "அண்ணா, அது உங்க பேரா? சூப்பர்ணா" என்றாள். அந்த மண்டபத்தில் என் பெயரைப் படித்த முதல் ஆள் அவள்தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஒப்புக்கொள்ள என்ன வெட்கம்.

தலைவர் மேஜை மேஜையாக அன்பளிப்பு கொடுத்துக்கொண்டு வந்தார். மற்ற ஊரில் விசேஷம் என்றால் சால்வை கொடுப்பார்கள், விளக்கு கொடுப்பார்கள். எங்கள் பக்கம் பள்ளிக்கூட ஆண்டு விழாவாக இருந்தாலும் பணி ஓய்வு விழாவாக இருந்தாலும் தோல் பர்ஸ்தான். ஏதாவது ஒரு கம்பெனிக்காரர் உபயமாகக் கொடுத்துவிடுவார். இந்த முறை சுருக்குக் கயிறு வைத்த சின்னத் தோல் பை. நர்ஸ் பெண்ணின் டின்னிலிருந்த ஒரு செப்புக்காசை எடுத்தார் தலைவர். பூதக்கண்ணாடி வைத்து இரண்டு பக்கமும் பார்த்தார். என் காசுக்கு உடன்பிறப்பு, இரண்டு பக்கமும் முழு எழுத்து. "உங்கப்பா கெட்டிக்காரர்ம்மா. இதைத் தனியா வைக்கணும்" என்று சொல்லி, ஒரு தோல் பையைப் பிரித்து, தன் கையாலேயே காசை உள்ளே போட்டுக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். "இதுலயே பத்திரமா வெச்சுக்கோ. அடிக்கடி திறக்காதே." அவள் நன்றி சொன்னாள். நானும் பெரிய மனுஷன் பெரிய மனுஷன்தான் என்று நினைத்தேன்.

அவர் நகர்ந்ததும் நான் என் ஆல்பத்தின் பட்டனை அவிழ்த்தேன்.

செப்புக்காசுப் பக்கம் முழுக்கப் பச்சை பூத்துக் கிடந்தது. என் நவாப் காசில் தமிழ் எழுத்து இருந்த இடத்தில் ஊத்தப்பத்தில் பொத்தல் விழுந்த மாதிரி புள்ளி புள்ளியாகக் குழி. விரலால் தொட்டேன். மாவாக ஒட்டியது. பழைய காசு என்றால் பச்சை இருக்கும்தானே, அது அழகுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கைக்குட்டையில் காசை ஏந்தி, வாசல் பக்கம் கடை போட்டிருந்த பாயிடம் ஓடினேன். நாற்பது வருஷமாகப் பழங்காசு வியாபாரம் செய்கிறவர்.

பாய் காசை வெளிச்சத்தில் பிடித்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"இன்னா தோஸ்த், எதுல வெச்சிருந்த இதை?"

"ஆல்பத்துல பாய். நானே தெச்சது."

"தோலா?" நான் தலையாட்டினேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். "ஆத்துப் பச்சை வேற, தோல் பச்சை வேறப்பா. ஆத்துப் பச்சை கல்லு மாதிரி மேல ஒட்டிகினு காசைக் காப்பாத்தும். இது உள்ள துன்னுகினே போவும்."

"தொடச்சா போய்டுமா?"

"பச்சை போய்டும். கூடவே எழுத்தும் போய்டும். தோல்ல உப்பு, ஆசிட், எண்ணெய் எல்லாம் ஜாஸ்தி. செம்புக்கு ஆவவே ஆவாது. நீ தோல்லயே பொழைக்கறவன், உனுக்குத் தெரியாதா?"

தெரியும். செருப்பு வாரில் பித்தளை பக்கிளைச் சுற்றிப் பச்சை பூக்கும். மழைக்காலத்தில் சரக்கு தேங்கினால் இன்னும் ஜாஸ்தி. "துணி வெச்சுத் தொடச்சு அனுப்புங்கடா" என்று செக்‌ஷனில் கத்துகிறவனே நான்தான். பக்கிளைப் பார்த்த கண் காசைப் பார்க்கவில்லை. தோலைக் குறை சொல்ல எங்கள் ஊரில் எவனுக்கு வாய் வரும், அது போடுகிற சோறல்லவா? ஆறு இத்தனை காலம் வயிற்றில் வைத்துக் காப்பாற்றியதை நான் இரண்டே வருஷத்தில் ஆசை ஆசையாகக் கொன்றிருக்கிறேன்.

"உங்க தலைவருக்குக் காட்டி இருக்கலாமே. அவருக்கு நல்லா தெரியும்" என்றார் பாய். "போன வருஷம் ஒரு தோல் பையில இருந்த காசு கொண்டாந்தேன். பையைப் பார்த்ததுமே, தோல்ல வெச்சதா, வேணவே வேணாம்னுட்டார்."

நான் கண்ணாடிப் பெட்டியிடம் போனேன். என் அட்டை அங்கே இல்லை. தலைவரின் காசு பளிச்சென்று பிளாஸ்டிக் உறைக்குள் உட்கார்ந்திருந்தது. கீழே அவர் பெயர் போட்ட அட்டை. கையால் எழுதியது இல்லை, அச்சடித்தது. அச்சடித்து எடுத்துக்கொண்டே வந்திருக்கிறார். சிரித்துக்கொண்டே கழுத்தறுப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு அறுப்பு விழுந்து இரண்டு வருஷம் ஆகிறது, ரத்தம் இப்போதுதான் தெரிகிறது.

"சார், தோல்ல வெச்சா காசு கெட்டுப்போய்டும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த தலைவரிடம் கேட்டேன்.

அவர் ஏலக்காயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். "தெரியுமே."

"மாசா மாசம் வாங்கி மடியில வெச்சுப் பார்த்தீங்களே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கலையே ஆம்பூர்." என் தோளில் கை வைத்தார். அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. "அபூர்வம்னா என்ன? அடுத்தவன்கிட்ட இல்லாததுதான் அபூர்வம். ஜில்லாவுல ரெண்டு இருந்தா, அது வெறும் ரெண்டு காசு. மனசுல வெச்சுக்காதீங்க. ஆல்பம் இருக்கு பாருங்க, அது நிஜமாவே நல்ல வேலை."

அந்த வெள்ளைச் சட்டையைக் கிழித்துவிட வேண்டும் போலிருந்தது. அப்போதுதான் அந்தச் சுருக்குப் பை ஞாபகம் வந்தது. தன் கையாலேயே போட்ட முடிச்சு. அடிக்கடி திறக்காதே என்ற அக்கறை.

நான் திரும்பி ஓடினேன். அந்தப் பெண்ணுக்கு நல்லது செய்யவேண்டும் என்று ஓடவில்லை. பொய் சொல்கிற வயசைத் தாண்டிவிட்டேன். அந்த ஆளின் காசு ஒற்றைக் காசாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். அவள் அப்பாவின் காசு பிழைத்தால் இவர் வயிறு எரியும். எரியட்டும். சாகும்வரை எரியட்டும்.

"அதை வெளிய எடும்மா. தோல்ல வைக்காதே, பச்சை புடிச்சு அரிச்சுடும்" என்றேன். அவள் பதறிப்போய் முடிச்சை அவிழ்த்தாள். பாயிடம் ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் உறை வாங்கிவந்து நானே காசை அதில் போட்டுக் கொடுத்தேன். நிமிர்ந்தால் எதிரில் தலைவர். காலிப் பையைப் பார்த்தார். உறையைப் பார்த்தார்.

"இப்ப ரெண்டு சார்" என்றேன். "வெறும் ரெண்டு காசு."

அவர் வாயில் ஏலக்காய் மெல்வது நின்றது. கன்னம் அப்படியே தொங்கியது. அந்த முகத்துக்காக இன்னும் இரண்டு வருஷம்கூட மூக்கை உறிஞ்சவிட்டிருப்பேன். பிரியாணிக்குப் பிறகு எனக்கு அவ்வளவு ருசியாக எதுவும் இருந்ததில்லை.

அந்தப் பெண் உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எங்கள் சண்டை எதுவும் தெரியாது. என் மேஜையில் திறந்து கிடந்த ஆல்பத்தைப் பார்த்தாள். பச்சை பூத்த பக்கத்தைப் பார்த்தாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அப்போ நீங்க மட்டும் ஏண்ணா தோல்ல வெச்சீங்க?"

நான் ஆல்பத்தை மூடிப் பட்டனைப் போடப் பார்த்தேன். தலைவர் ஏலக்காயை மறுபடி மெல்ல ஆரம்பித்தார். எனக்காக அவரே பதில் சொன்னார்.

"ஆம்பூர்க்காரராச்சேம்மா! வேற எதுல வைப்பாரு?"

பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள். அவள் காசு உறைக்குள் பத்திரமாக இருந்தது.